ஓய்வறைக்கு நான் வைத்த கொண்டி

அன்று அந்த ஓய்வறைக்குள் இருந்தவர்கள் நான்கே பேர். மேனேஜர் வரதன் சார், சென்னையிலிருந்து வந்த ஃபேக்டரி இன்ஸ்பெக்டர், பேக்கிங் பகுதி சாரதாம்மா, நான். கதவுக்கு வெளியே ஒரே ஓர் ஆள்: யார்டில் கம்பி இறக்கும் ஏசுபாதம்.

இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுவது நல்லது. அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த யாரைச் சந்தித்தாலும், தானும் அன்றைக்கு உள்ளே மாட்டிக்கொண்டதாகச் சொல்கிறார்கள். அத்தனை பேர் இருந்திருந்தால் கதவை மூச்சுக்காற்றாலேயே தள்ளித் திறந்திருப்போம். (என் மச்சான்கூட அப்படித்தான் சொல்லித் திரிகிறான். அவன் அப்போது ஆர்.கே.பேட்டையில் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான்.)

நான் பயந்தவன். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்க மாட்டேன், பந்தல் மூங்கிலைப் பார்ப்பேன். ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சையில் ஃபெயிலாகிவிடுவேனோ என்று பயந்து பரீட்சைக்கே போகவில்லை. போகாததால் ஃபெயிலும் ஆகவில்லை. அந்த அளவில் என் திட்டம் வெற்றிதான். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் பக்கம் போகவே பயமாகிவிட்டது.

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டியில் வரிசையாகக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு போல்ட்டு நட்டுக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தேன். தற்காலிக வேலை. 'அடுத்த மாசம் பர்மனென்ட்' என்பார்கள். அடுத்த மாதமும் அதையே சொல்வார்கள். ஆர்.கே.பேட்டையில் எனக்குப் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. பெண்ணின் அப்பா நல்ல மனிதர், ஆனால் கணக்கான மனிதர். "ஆர்டர் கைக்கு வரட்டும் மாப்ள, அன்னைக்கே பத்திரிகை அடிச்சிடலாம்" என்று சொல்லியிருந்தார். ஆகவே என் கல்யாணம் வரதன் சாருடைய பேனா மூடிக்குள் இருந்தது.

வரதன் சார் திருவள்ளூர்க்காரர். கோயில் கைங்கரியக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் பெருமாளைப் பார்த்துக்கொள்ள, இவர் மட்டும் போல்ட்டு நட்டைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"தணிகாசலம், தொழிலாளிக்கு ஓய்வறை வேணும்னு சட்டம் இருக்கு. சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துல அந்தக் காலி ரூமை எடுத்துக்கோ. பல் டாக்டர்கிட்ட காத்துண்டிருந்தப்போ ஒரு பத்திரிகையில படிச்சேன். ரூமோட நிறம், வெளிச்சம், பெஞ்சு போடற விதம், இதெல்லாம் மனுஷன் மனசையே மாத்திடுமாம். உள்ள வந்தா மனசு லேசாகணும். புரிஞ்சுதா?"

"நானா சார்?"

"சாமானெல்லாம் உன்கிட்டதானேய்யா இருக்கு. அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வர்றார். அவர் திருப்தின்னு எழுதிட்டுப் போனார்னா, அன்னிக்கே உன் ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன்."

மனசு லேசாக வேண்டும் என்றால் என்ன அர்த்தம்? மனசில் பயம் இருக்கக் கூடாது என்று அர்த்தம். பயத்தைப் பற்றி எனக்குத் தெரியாததா? ஊரில் உள்ளவர்கள் படாத பயத்தையும் சேர்த்துப் பட்டவன் நான். என்னென்ன நடக்கக்கூடும் என்று ஒவ்வொன்றாக யோசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு போல்ட்டு போட்டேன்.

பெஞ்சு சரிந்து யாராவது விழுந்தால்? பெஞ்சுகளை அறையின் நடுவில் தரையோடு முடுக்கினேன். கேரம்போர்டு திருட்டுப் போனால்? மேசையோடு முடுக்கினேன். மேசையைத் தரையோடு. பானைத் தண்ணீர் குடிக்கிற தம்ளருக்குச் சங்கிலி. (சங்கிலி கொஞ்சம் குட்டை. குடிப்பவர் பானையை வணங்கிக் குடிக்க வேண்டும்.) போல்ட்டையே கழற்றிக்கொண்டு போய்விட்டால்? நட்டுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த முனைகளையெல்லாம் சுத்தியலால் அடித்து மழுக்கினேன். நினைத்தால் நானே கழற்ற முடியாது.

ஜன்னல் வழியாகப் பேக்கிங் பெண்களை எவனாவது எட்டிப் பார்த்து வம்பு வந்தால்? ஜன்னலை அடைத்து, கூரையை ஒட்டிச் சின்னதாக ஒன்று திறந்தேன். கொசு வராமல் அதற்குப் பொடிக்கண் வலை. கதவின் அடியில் பாம்பு நுழையும் என்று தரையை உரசும்படி ஒரு பலகை. சுவருக்கு வரதன் சார் இளம்பச்சை கேட்டார். ஸ்டோரில் இருந்தது மெஷினுக்கு அடிக்கிற கரும்பச்சை. அழுக்குத் தெரியாது என்று கீழ்ப்பாதிக்குச் சாம்பல் நிறம் அடித்தேன்.

கதவுதான் என் மாஸ்டர் பீஸ். திறந்து கிடந்தால் கடல் காற்றில் படாரென்று அடித்து யார் விரலாவது நசுங்கும். அதனால் கப்பி போட்டு இரும்புக் குண்டு கட்டி, தானாக மெதுவாக மூடிக்கொள்ளும்படி செய்தேன். உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்தால் எவனாவது தாழிட்டுக்கொண்டு சீட்டாடுவான், அதனால் உள்ளே தாழ்ப்பாளும் இல்லை, கைப்பிடியும் இல்லை. வெளியே மட்டும் ஒரு கொண்டி, கதவு மூடியதும் தானாக விழுந்து மாட்டிக்கொள்ளும். ராத்திரியில் நாய் நுழையாது. அப்படியானால் உள்ளே இருப்பவன் எப்படி வெளியே வருவான்? அதையும் யோசிக்காமல் இல்லை. பகலில் கதவு மூடாதபடி முட்டுக்கொடுக்க ஒரு மரக்கட்டை. கட்டையைத் தூக்கிப் போகாமலிருக்க அதற்கும் ஒரு சங்கிலி.

இத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பெஞ்சு முனையில் முட்டி இடிக்கும், படியில் கால் தடுக்கும், தானாக மூடுகிற கதவு நெற்றியில் படும் என்று தோன்றியது. எல்லாவற்றுக்கும் மஞ்சளும் கறுப்பும் மாற்றி மாற்றிக் கோடு போட்டேன்.

இங்கே அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் ஒருமுறை பிரஸ் மெஷினில் ஒருவருக்கு விரல் போய்விட்டது. அதிலிருந்து ஒரு சட்டம். மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட எதையும் டோக்கன் இல்லாமல் தொடக்கூடாது. டோக்கன் என்பது நம்பர் வெட்டிய பித்தளை வில்லை. ஸ்டோரில் என்னிடம் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் கோடு போட்ட மூடியைத் திறக்கலாம், கோடு போட்ட சுவிட்சைப் போடலாம். போன மாதம்தான் ஏசுபாதம் டோக்கன் வாங்காமல் உலையின் கோடு போட்ட மூடியைத் திறந்து, உள்ளே கருவாடு சுட்டார். வாசனை ஆபீஸ் வரைக்கும் வந்தது. புகார் எழுதிக் கொடுத்தது நான். ஃபைன் இரண்டு ரூபாய் ஐம்பது பைசா. வரதன் சார் அவரை நிற்கவைத்து, "கடவுளே வந்து சொன்னாலும் டோக்கன் இல்லாம கோடு போட்டதைத் தொடாதே" என்றார். ஏசுபாதம் தலையை ஆட்டிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

ஓய்வறையைத் திறந்துவிட்டேன். ஒருவரும் வரவில்லை. சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் எல்லோரும் தூக்குச்சட்டியோடு வழக்கம்போல லாரிக்கு அடியிலும் சுவர் நிழலிலும் போய் உட்கார்ந்தார்கள். மறுநாளும் அப்படியே. நானே போய்க் கூப்பிட்டேன்.

"கோடு போட்டுக்கீது சார்" என்றான் ஒருவன்.

"அது முட்டி இடிக்காம இருக்கறதுக்குப்பா. சும்மா வந்து உக்காரு."

"இப்போ சும்மா குந்துன்னு சொல்வ. ஏசுபாதத்துக்குப் புட்ச்ச மாரி சனிக்கெழம சம்பளத்துல புட்ச்சிக்குவ. நமக்கு இன்னாத்துக்கு சார் அந்த பேஜாரு."

இவர்களிடம் பேசி ஜெயிக்க முடியாது. மனசை லேசாக்க ஓர் அறை கட்டிக் கொடுத்தால், பாரம் முழுவதும் என் மனசில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் சாரதாம்மாவிடம் போய் நின்றேன். இன்ஸ்பெக்டர் வரும்போது யாராவது ஒருவராவது ஓய்வெடுத்துக்கொண்டிருக்க வேண்டும். சாரதாம்மா பேக்கிங்கில் மூத்தவர். யாருக்கும் பயப்படாதவர். என் கல்யாண விஷயமும் அவருக்குத் தெரியும்.

"சரி, உன் மொகத்துக்கோசரம் வர்றேன். ஆனா என் சோத்த நான் அங்கதான் துன்னுவேன். வேஷத்துக்கெல்லாம் என்னால பசியோட குந்திக்கினு இருக்க முடியாது" என்றார்.

அந்த நாள் வந்தது. கத்திரி வெயில், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இன்ஸ்பெக்டர் கனத்த உடம்புக்காரர். கம்பெனி முழுக்கச் சுற்றிவிட்டு, சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதுகிற சமயத்தில் ஓய்வறைக்கு வந்தார். உள்ளே சாரதாம்மா, பெஞ்சில் அல்ல, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கூழும் வெங்காயமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கண்ணால் பெஞ்சைக் காட்டினேன்.

"அந்த பெஞ்சில கால மடக்கினு குந்தவே முடியல. எங்க மடக்கினாலும் போல்ட்டு குத்துது" என்று இன்ஸ்பெக்டருக்கும் கேட்கும்படி சொன்னார்.

இன்ஸ்பெக்டர் உள்ளே நுழையும்போது மரக்கட்டையில் கால் இடறியது. விழவில்லை, தள்ளாடினார். என் உயிர் போய் வந்தது. வரதன் சாருக்குக் கோபம். "நடு வாசல்ல கட்டையைப் போட்டு வெச்சிருக்கானே" என்று காலால் அதை ஒதுக்கித் தள்ளினார். சங்கிலி நீளத்துக்குக் கட்டை உருண்டு போனது. நான் "சார்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். மேலதிகாரி முன்னால் மேலதிகாரியைத் திருத்தலாமா என்று ஒரு பயம் வந்தது. அந்த ஒரு பயத்தைப் பட்டு முடிப்பதற்குள், நான் எண்ணெய் போட்டு வைத்திருந்த கப்பி ஒரு சத்தமும் இல்லாமல் சுழன்று, கதவு மெதுவாக, மரியாதையாக மூடிக்கொண்டது. வெளியே கொண்டி விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கைப்பிடி எங்கே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் விளக்கினேன். சீட்டாட்டம், நாய், விரல் எல்லாவற்றையும் விளக்கினேன். விளக்க விளக்க வரதன் சாரின் நாமம் வியர்வையில் இளகி மூக்கு நுனிக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"ஃபேனையாவது போடுய்யா."

"சுவிட்சு வெளியில சார். உள்ள இருந்தா ஆளாளுக்குத் திருகுவாங்கன்னு..."

"பெருமாளே" என்றார் அவர். அவர் குடும்பத்தில் அதுவரை யாரும் அந்தத் தொனியில் பெருமாளைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

கதவைத் தட்டினோம். பட்டறையில் பிரஸ் மெஷின்கள் ஓட ஆரம்பித்திருந்தன. யார் காதில் விழும்? ஓய்வறை அமைதியாக இருக்க வேண்டும் என்று கம்பெனியின் கடைக்கோடியில் பிடித்த இடம் அல்லவா. தட்டித் தட்டிக் கை சிவந்த பிறகு வெளியே ஒரு செருப்புச் சத்தம் கேட்டது. கூடவே பீடி வாசனை.

"யாரு உள்ள?"

"ஏசுபாதமா? நான்தான் தணிகாசலம். கதவைத் தொற."

பீடியை ஓர் இழுப்பு இழுக்கிற சத்தம். பிறகு நிதானமாக ஒரு குரல். "கதவுல கோடு போட்டுக்கீதே சார்."

"தெரியும். நான்தான் போட்டேன். தொற."

"டோக்கன் குடு, தொறக்கறேன்."

என் சட்டைப் பையில் ஒரு டோக்கன் இருந்தது. இன்ஸ்பெக்டருக்குக் காட்ட எடுத்து வந்தது. "டோக்கன் என்கிட்டதான் இருக்குது. உள்ள இருக்குது" என்றேன்.

"அப்போ கதவுக்கு அடியில தள்ளு."

"அடியில பலகை அடிச்சிருக்கேன்."

"இன்னாத்துக்கு?"

"பாம்பு வராம."

"சரி, ஜன்னல் வழியா போடு."

"வலை போட்டிருக்கேன். கொசு வராம."

"எல்லாத்தையும் வராம பண்ணிட்டியே சார்" என்றார் ஏசுபாதம். அதில் கேலி இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வரதன் சார் என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். "ஏசுபாதம், நான் மேனேஜர் பேசறேன். கதவைத் தொற."

"வணக்கம் சார். நீங்கதான சொன்னீங்க, கடவுளே வந்து சொன்னாலும் தொடாதேன்னு. கடவுளுக்கே இல்லன்னா மேனேஜருக்கு எப்டி சார்?"

"யோவ், உள்ளே ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் இருக்கார்."

"அய்யய்யோ, அப்போ சுத்தமா முடியாது சார். இன்ஸ்பெக்டர் எதிர்லயே டோக்கன் இல்லாம தொறந்தா, அவுரு எழுதிக்கினு பூட மாட்டாரா?"

நான் நொந்துபோய் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "அவர் சொல்றது சரிதானே. இவ்வளவு ஒழுங்கா விதியைக் கடைப்பிடிக்கிற தொழிலாளியை நான் எங்கேயும் பார்த்ததில்லை" என்றார். பிறகு கதவருகே போய், "ஏம்பா, மேனேஜர் உன்கிட்ட ஏன் அப்படிச் சொன்னார்? என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். கதவுக்கு அந்தப் பக்கம் கருவாட்டுக் கதை முழுதும் ஓடியது. எந்தக் கருவாடு, யார் வாங்கி வந்தது, எவ்வளவு நேரம் சுட்டது, நான் எப்படி மோப்பம் பிடித்து வந்தேன், எல்லாம். "வூட்ல அரிசி வாங்கற டப்பு சார் அது" என்று முடித்தார். இன்ஸ்பெக்டர் வரதன் சாரைப் பார்த்தார். வரதன் சார் என்னைப் பார்த்தார். நான் பார்ப்பதற்கு எனக்குக் கீழே யாரும் இல்லாததால் பானையைப் பார்த்தேன்.

"ஃபைன் வாபஸ்யா. கம்பெனி திருப்பிக் குடுத்துடும். கதவைத் தொற" என்றார் வரதன் சார்.

"ரொம்ப சந்தோசம் சார். டோக்கன்?"

சாரதாம்மா கூழ்ச் சட்டியைக் கழுவி மூடிவிட்டு எழுந்தார். "டேய் ஏசுபாதம், கையிலதான் குடுக்கணுமா, கண்ணால காட்டினா போதுமா?"

வெளியே யோசிக்கிற சத்தம். "நம்பர் தெரியற மாரி காட்டினா போதுங்க்கா."

காட்ட வேண்டும் என்றால் ஜன்னல் வலையருகே காட்ட வேண்டும். ஜன்னல் கூரையை ஒட்டி இருந்தது. பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறலாம் என்று இன்ஸ்பெக்டர் ஒரு பெஞ்சைப் பிடித்து இழுத்தார். பிறகு அடுத்ததை இழுத்தார். பிறகு மேசையை. பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையோடு முடுக்கப்படாததால் என்னைத்தான் குனியச் சொன்னார்கள். வரதன் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் முதுகில் ஒரு கால் வைத்தார். மேனேஜருடைய கால் என் மேல் பட்டதும், இவர் விழுந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பு வந்தது. நினைப்பு வந்ததும் முட்டி நடுங்கியது. இருவரும் உட்கார்ந்துவிட்டோம்.

"அவன் வேணாம் சார், ஆட்றான். நீங்க குனிங்க, அவன் ஏறட்டும்" என்றார் சாரதாம்மா.

அப்படித்தான் அது நடந்தது. என் பர்மனென்ட் ஆர்டரில் கையெழுத்துப் போட வேண்டியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். நான் அவர் முதுகில் ஏறினேன். இன்ஸ்பெக்டர் என் இரண்டு காலையும் கட்டிப் பிடித்துக்கொண்டார். ("செருப்பைக் கழட்டிட்டேன் சார்" என்று மேலிருந்து சொன்னேன். கீழிருந்து வந்த பதிலை எழுத முடியாது.) டோக்கனை வலையில் வைத்துப் பிடித்தேன். ஏசுபாதம் சைக்கிள் ஸ்டாண்டுத் திட்டின் மேல் ஏறி நின்று, கண்ணுக்குக் கைமறைப்பு வைத்துப் பார்த்தார்.

"வெயில் அடிக்குது சார். கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு."

திருப்பினேன். வரதன் சார் முனகினார்.

"இப்போ தலகீழா கீது."

நேராக வைத்தேன்.

"ஆங். தெரியுது. எறங்கிக்க."

கொண்டி தூக்குகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைவிட இனிமையாக என் கல்யாணத்து நாதஸ்வரம்கூட இருந்ததில்லை. நான் இறங்குவதற்குள் இன்ஸ்பெக்டர் வெளியே போய்விட்டார். போகிறபோது சாரதாம்மாவிடம் நின்று, "ஏம்மா, இந்த ரூம்ல என்னதான் குறை?" என்று கேட்டார்.

"இன்னா குறையா? ஆஸ்பத்திரில பொணம் வைக்கிற ரூம் மாரி பெயிண்டு. ரோடு தெரியல, கேட்டு தெரியல. வெளிய போற வழி கண்ணுக்குத் தெரிஞ்சாதான சார் உள்ள நிம்மதியா குந்த முடியும்?"

இன்ஸ்பெக்டர் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். 'பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடித்தல்' என்ற இடத்தில் 'மிக நன்று' என்று இருந்தது. 'ஓய்வறை' என்ற இடத்தில் 'திருப்தி' என்றும் இல்லை, 'திருப்தியில்லை' என்றும் இல்லை. வெறுமனே 'இல்லை' என்று எழுதியிருந்தார். நான் ராப்பகலாகப் போல்ட்டு முடுக்கிய அறை, சர்க்கார் கணக்கில் பிறக்கவே இல்லை.

வரதன் சார் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதைவிடக் கொடுமையாக, "நீ முடுக்கினதை நீயே கழட்டு" என்றார். முனை மழுங்கிய போல்ட்டு எந்த ஸ்பேனருக்கு மசியும்? உளியை வைத்து ஒவ்வொன்றாக வெட்ட வேண்டியிருந்தது. உளியைப் பிடிக்க ஆள் கேட்டேன். ஏசுபாதத்தை அனுப்பினார்கள். நான் சுத்தியலை ஓங்குகிறபோதெல்லாம் அவர், "பாத்து அடி சார், வெரல் போனா டோக்கன் எதுல வாங்கறது?" என்பார். ஓங்கியதை இறக்கிவிடுவேன். மறுபடி முதலிலிருந்து ஓங்குவேன். ஒரு வாரத்தில் முடுக்கியதைக் கழற்ற ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

பாதி பெஞ்சைத் தூக்கிவிட்டுக் கோரைப்பாய் போட்டோம். உட்கார்ந்தால் கேட்டும் ரோடும் தெரிகிற உயரத்துக்கு ஜன்னலை இறக்கினோம். சாம்பல் நிறத்தின் மேல் வெள்ளையடித்தோம். கதவையே கழற்றிவிட்டார்கள். பாம்பு வரும் என்றேன். யாரும் கேட்கவில்லை. முதல் நாளே இடம் பிடிக்கச் சண்டை. அதன்பிறகு சாப்பாட்டு நேரத்தில் அங்கே எனக்கு உட்கார இடம் கிடைத்ததில்லை. (பாம்பு ஒருமுறை வந்தது. அதை நான் சொன்னபோதும் யாரும் கேட்கவில்லை.)

என் ஆர்டர் மறு வருஷம்தான் வந்தது. பத்திரிகையும் மறு வருஷம்தான் அடித்தார்கள். அந்த ஒரு வருஷத்தை என் மனைவி இன்னும் என் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் யார் குளியலறைக்குள் இருந்தாலும், வெளியே நிற்பவர் கதவைத் தட்டி, "டோக்கன் இருக்குதா?" என்றுதான் கேட்பார். பேரப் பிள்ளைகளுக்கு இது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது, இருந்தும் கேட்கிறார்கள். சம்பந்தி வீட்டாரும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். நான் உள்ளே இருந்தால் மட்டும், "நம்பர் தெரியல, கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு" என்று ஒரு குரல் சேர்ந்து வரும்.

ஏசுபாதம் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு வருகிறார். என் வயதுதான், ஆனால் படியில் என்னைவிட வேகமாக ஏறுகிறார். உள்ளே வந்து, பாயில் உட்கார்ந்து, என் மனைவி கையால் காப்பி வாங்கிக் குடித்த பிறகு அந்த ஃபைன் விஷயத்தை எடுப்பார். அன்றைக்கு வாபஸ் என்று சொன்னார்கள் அல்லவா, வவுச்சர் இல்லாமல் தர முடியாது என்று ஆபீசில் இழுத்தடித்து, அப்படியே போய்விட்டது. என் கைக்காசைக் கொடுக்க எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். தொட மாட்டேன் என்கிறார்.

"புட்ச்சது கம்பெனி. கம்பெனிதான் குடுக்கணும். உன் டப்பு எனக்கு இன்னாத்துக்கு ஸ்டோரு? சட்டம்னா சட்டம்."

கம்பெனியை மூடி, மெஷின்களை எடைக்குப் போட்டு, இடத்தையும் விற்றாகிவிட்டது. வரதன் சாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஏசுபாதத்துக்குச் சேர வேண்டிய பாக்கி அப்படியே நிற்கிறது: இரண்டு ரூபாய் ஐம்பது பைசா.